கர்ப்பிணிக்குக் கண் மங்கினால் முதலில் பிரஷர் பாருங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திர உடல்நலக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் மயக்கவியல் மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம். கடைசியில் கேள்வி-பதிலும் இருக்கிறது.)

தண்ணீர் லாரி விஷயமாக நடந்த கூட்டம் முடிந்த கையோடு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் இத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதற்கு முதலில் நன்றி.

இந்த மாதம் எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் சார் கேட்டார். "கர்ப்பிணிகளின் கண்ணைப் பற்றி" என்றேன். "மேடம், நம்ம அசோசியேஷன்ல பாதிப் பேர் ரிட்டயர்ட் ஆனவங்க. கர்ப்பிணிங்க ரெண்டு மூணு பேர்தானே இருப்பாங்க?" என்றார். அதனால்தான் உங்களிடம் பேச வேண்டும் என்றேன். அந்த இரண்டு மூன்று பேரும் தங்கள் உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் டாக்டரிடம் சொல்வதில்லை. அம்மாவிடம் சொல்வார்கள், மாமியாரிடம் சொல்வார்கள், சில சமயம் பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டியிடம் சொல்வார்கள். அதாவது, உங்களிடம்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு நைட் டியூட்டி. முதல் பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண்ணை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். 34 வாரம். வளைகாப்பு முடிந்து சில வாரங்கள்தான். கையில் இன்னும் கண்ணாடி வளையல்கள் இருந்தன, ஆனால் கை வீங்கி அவை சதையில் பதிந்துவிட்டன. பிரஷர் 180/120. வழியிலேயே ஒரு முறை வலிப்பு வந்திருக்கிறது.

அம்மாவிடம் விசாரித்தோம். அன்று காலையிலேயே மகள் சொல்லியிருக்கிறாள்: "அம்மா, டிவில எழுத்து மங்கலாத் தெரியுது. கண்ணு முன்னாடி ஏதோ மின்னுது." எந்நேரமும் ஃபோன் பார்ப்பதால்தான் என்று அம்மா ஃபோனை வாங்கி வைத்துவிட்டார். மதியம் கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். கர்ப்ப காலத்தில் பவர் கொஞ்சம் மாறும், குழந்தை பிறந்த பிறகு வாருங்கள் என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். அது பொய் இல்லை, லேசாக மாறத்தான் செய்யும். சாயங்காலம் தலைவலி ஆரம்பித்தது. தலையில் நீர் கோத்திருக்கும் என்று தைலம் தேய்த்து ஆவி பிடித்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு, "அம்மா, உன் முகம் தெரியலம்மா" என்று அழுதிருக்கிறாள். அப்போதுதான் 108க்கு ஃபோன் செய்தார்கள்.

அவர்கள் செய்த ஒவ்வொன்றும் நம் வீடுகளில் நாமும் செய்யக்கூடியதுதான். யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த முழு நாளில் யாருக்குமே தோன்றாத ஒரே விஷயம், பிரஷர் பார்ப்பது.

இந்த நோய்க்கு ப்ரீ எக்ளாம்ப்சியா என்று பெயர். கர்ப்பத்தின் 20ஆவது வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90க்கு மேல் ஏறும். அதோடு சிறுநீரில் புரதம் போகும். "யூரின்ல உப்பு இருக்கு" என்று நாம் சொல்கிறோமே, அதுதான் இது. உண்மையில் அது உப்பு இல்லை, புரதம். சிலருக்குப் புரதம் போகாமலே கல்லீரல், சிறுநீரகம், மூளை, ரத்த அணுக்கள் என்று வேறு இடங்களில் கோளாறு தெரியும். பிரஷர் 160/110ஐத் தொட்டால் கடுமையான நிலை. வலிப்பும் வந்துவிட்டால் அது எக்ளாம்ப்சியா. நம் பாட்டிமார் பிரசவ ஜன்னி என்று பயந்தது பெரும்பாலும் இதைத்தான். உலக அளவில் நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்த நோய் வருகிறது. ஆகவே அபூர்வமானது என்று ஒதுக்கிவிட முடியாது.

இதில் கண் எங்கே வருகிறது? இந்த நோயில் நஞ்சுக்கொடியில் ஆரம்பிக்கும் கோளாறு, உடம்பு முழுக்க இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களைப் பாதிக்கிறது. அவை சுருங்குகின்றன, கசியவும் செய்கின்றன. கண்ணுக்குள் அப்படிக் கசிந்தால் என்ன ஆகும் என்பதை அபார்ட்மெண்ட்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். மேல் ஃபிளாட் பாத்ரூம் கசிந்தால் நம் சுவரில் ஓதம் ஏறி பெயிண்ட் கொப்பளிக்கிறது அல்லவா? விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். அதற்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்கள் கசியும்போது, நீர் சேர்ந்து படலம் கொப்பளம் போல மேலே எழும்பிவிடும். பார்வை மங்கும், சில சமயம் முழுவதும் போகும். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும்.

ஓதம் பிடித்த சுவருக்குப் பெயிண்ட் அடித்துப் பயனில்லை, கசிவை நிறுத்த வேண்டும். இங்கேயும் அப்படித்தான். பெரும்பாலும் கண்ணில் ஆபரேஷன் தேவைப்படாது. பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவந்து பிரசவமும் ஆகிவிட்டால், சில வாரங்களில் நீர் வற்றி விழித்திரை தானாகவே ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்குப் பார்வை திரும்பிவிடும்.

பார்வை போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது கண்ணில் இல்லை. கண் அனுப்புவதைப் படமாகப் புரிந்துகொள்ளும் பகுதி மூளையின் பின்பக்கம் இருக்கிறது. பிரஷர் ஏறும்போது அந்தப் பகுதி வீங்கலாம். மருத்துவர்கள் இதை பிரெஸ் என்பார்கள். அப்போது கண் நன்றாக இருக்கும், டார்ச் அடித்தால் கண்மணி சுருங்கும், ஆனால் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. அதோடு மூளை வீக்கத்தால் மண்டைக்குள் அழுத்தம் கூடுவதும் உண்டு.

பார்க்க முடியவில்லை என்று ஒரு பெண் சொன்னால், காரணம் கண்ணிலா மூளையிலா என்று நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சாதாரணமாக என்ன செய்வோம்? கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை காத்திருந்து, இருட்டறையில் பார்ப்பார். அல்லது எம்ஆர்ஐ எடுப்போம். நான் சொன்ன பெண்ணோ வலிப்பு வந்து மயக்கத்தில் இருக்கிறாள். இமைகள் வீங்கித் திறக்கவே வரவில்லை. எம்ஆர்ஐ அறை வேறொரு கட்டடத்தில். பிரஷர் குறைவதற்கு முன்னால் அவளை அசைப்பதே ஆபத்து.

அந்த இடத்தில்தான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துச் செய்கிற ஸ்கேன் உதவுகிறது. வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதும் இதே அல்ட்ராசவுண்ட்தான், புரோப் மட்டும் வேறு. மயக்க மருத்துவர்களான எங்களிடம், நரம்பு பார்த்து மரத்துப்போகிற ஊசி போடுவதற்கும் ரத்தக்குழாய் தேடுவதற்கும் அந்த புரோப் எப்போதும் இருக்கும். மூடிய இமை மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி, நிறைய ஜெல் வைத்து, அழுத்தாமல் புரோப்பை மேலே வைப்பது மட்டும்தான் வேலை. ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். கண்ணைத் திறக்க வேண்டாம், சொட்டு மருந்து வேண்டாம், நோயாளியை நகர்த்த வேண்டாம்.

கண் என்பது சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள, திரவம் நிறைந்த உருண்டை. ஒலி அலை திரவத்தில் தடையில்லாமல் போகும். அதனால் கண்ணின் உட்பகுதி திரையில் கறுப்பாகத் தெரியும். விழித்திரை சரியாக ஒட்டியிருந்தால் பின்சுவரோடு சேர்ந்தே தெரியும், தனியாகத் தெரியாது. கழன்றிருந்தால் கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கோடு ஒன்று வளைந்து எழும்பி நிற்கும்.

இதை யாரும் நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. வயிற்றை அல்ட்ராசவுண்டில் படம் பிடித்ததை கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் வெளியிட்டது 1958ல். அமெரிக்காவில் பாமும் கிரீன்வுட்டும் கண்ணை அப்படிப் படம் பிடித்ததை வெளியிட்டதும் அதே 1958ல்தான். குழந்தை ஸ்கேன் தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. கண் ஸ்கேன் பிரசவ வார்டுக் கட்டில் வரைக்கும் வர ரொம்ப நாளாயிற்று.

அதே படத்தில் இன்னொன்றும் தெரியும். கண்ணுக்குப் பின்னால் மூளைக்குப் போகிற பார்வை நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. மூளையைச் சுற்றியிருக்கும் நீர் இந்த உறைக்குள்ளும் வரும். மண்டைக்குள் அழுத்தம் கூடினால், மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதை ஓவர்ஃப்ளோ குழாயில் தெரிந்துகொள்வது போல, உறை உப்புவதை வைத்து ஊகிக்கலாம். கண்ணுக்கு 3 மில்லிமீட்டர் பின்னால் அதன் அகலத்தை அளப்போம். பிரான்ஸ் நாட்டு மயக்க மருத்துவர்கள் 2012ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்த நோய் உள்ள 26 பெண்களில் 5 பேருக்கு அந்த உறை 5.8 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று சந்தேகிக்க வைக்கும் அளவு அது. பிரசவமாகி ஏழாம் நாள் அளந்தபோது, நோய் இல்லாத பெண்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 26 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். அதனால் இந்த ஓர் அளவை மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை.

அன்று ராத்திரி அந்தப் பெண்ணின் இரண்டு கண்களிலும் விழித்திரை எழும்பியிருந்தது தெரிந்தது. நரம்பு உறையும் அகலமாக இருந்தது. இதனால் என்ன மாறியது? பிரசவம் பார்க்க வேண்டும் என்ற முடிவு மாறவில்லை. வலிப்பும் பிரஷருமே அதை முடிவு செய்துவிட்டன. என் வேலை மாறியது. மண்டைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது முதுகில் ஊசி போடுவது ஆபத்தாகலாம். முழு மயக்கம் கொடுத்து, பிரஷர் எகிறாமல் பார்த்துக்கொண்டோம். வெளியே நின்ற குடும்பத்திடமும் பேச முடிந்தது. "கண்ணு போயிடுச்சா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டபோது, "விழித்திரைக்குப் பின்னால் நீர் சேர்ந்திருக்கிறது அம்மா, பெரும்பாலும் இது சரியாகிவிடும்" என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு படம் இருந்தது.

ஆனால் இந்த ஸ்கேனுக்கு எல்லையும் உண்டு. கொஞ்சமாக நீர் சேர்ந்திருந்தால் இதில் தப்பிவிடலாம். கண் ஸ்கேன் சரியாக இருந்தாலும் மூளையில் வீக்கம் இருக்கலாம். நிலைமை கட்டுக்குள் வந்த பிறகு கண் டாக்டரும் பார்க்க வேண்டும், தேவையானால் எம்ஆர்ஐயும் எடுக்க வேண்டும். இந்த ஸ்கேன் யாரையும் குணப்படுத்தாது. வலிப்பைத் தடுப்பது மெக்னீசியம் சல்பேட் ஊசி. 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு 2002ல் வந்தது. அந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைப்பதாக அது காட்டியது. விலை குறைந்த மருந்து. ஆனால் அது வேலை செய்ய, நோயாளி நேரத்தோடு வந்து சேர வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் நாள் வெளிச்சமும் நிறங்களும் தெரிய ஆரம்பித்தன. ஆறு வாரம் கழித்து, விழித்திரை முழுவதும் ஒட்டிவிட்டது என்று கண் டாக்டர் சொன்னார். குழந்தை எடை குறைவாகப் பிறந்து சில வாரம் இன்குபேட்டரில் இருந்தது. இன்று ஸ்கூல் போகிறது. டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எங்கிட்ட காலையிலேயே சொன்னாளே டாக்டர்." அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இன்று இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஃபோனில் குறித்துக்கொண்டாலும் சரி.

ஐந்து மாதம் தாண்டிய கர்ப்பிணி பார்வை மங்குகிறது, இரண்டிரண்டாகத் தெரிகிறது, மின்னல் போலத் தெரிகிறது, பார்வையில் ஒரு பகுதி மறைக்கிறது என்று சொன்னால் அது கண் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். முதலில் பிரஷர் பாருங்கள். விடாத தலைவலி, மேல் வயிற்றில் வலி, மூச்சு வாங்குவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது ஆகியவையும் இதே கணக்கில்தான் வரும். சாயங்காலம் கால் வீங்குவது பலருக்கு இருக்கும். மோதிரம் கழற்ற வரவில்லை என்றால் கவனியுங்கள்.

பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். 140/90 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். 160/110 வந்தால் உடனே கிளம்புங்கள். கண் தொந்தரவோ கடும் தலைவலியோ இருந்தால், மெஷின் என்ன எண் காட்டினாலும் கிளம்புங்கள். மெஷின் தவறலாம், அந்தப் பெண் சொல்வது தவறாது.

போக வேண்டியது கண் ஆஸ்பத்திரிக்கு அல்ல. பிரசவம், ஐசியு, ரத்த வங்கி, பச்சிளம் குழந்தைப் பிரிவு எல்லாம் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். அவசரப் பிரிவில் நுழைந்தவுடன் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எத்தனை வாரம், பிரஷர் எவ்வளவு, கண் எப்போதிலிருந்து மங்குகிறது. செக்கப் ஃபைல் கையில் இருக்கட்டும். பெங்களூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ பிரசவத்துக்கு வரும் மகள்களுக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே பார்த்த டாக்டர் வேறு, இங்கே பார்க்கப் போகிறவர் வேறு.

வலிப்பு வந்தால் இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகும் இது வரலாம். முதல் சில நாட்களில் அதிகம், ஆனால் ஆறு வாரம் வரை கவனம் தேவை. பச்சை உடம்புக்காரி தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றால், தலைக்குக் குளித்ததால் என்று விட்டுவிடாதீர்கள்.

சங்கத்திடம் மூன்று வேண்டுகோள். ஆபீஸ் ரூமில் ஒரு நல்ல பிரஷர் மெஷின் வைக்க வேண்டும், பேட்டரியை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். 108 வந்தால் பெயர், ஃபிளாட் நம்பர் எழுதச் சொல்லி நிறுத்தாமல் கேட்டைத் திறக்கும்படி செக்யூரிட்டியிடம் சொல்லி வைக்க வேண்டும். ராத்திரியில் காரை எடுக்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் ஒன்று வாட்ஸ்அப் குழுவில் இருக்க வேண்டும். நம் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அன்றைக்கு லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: இந்த ஸ்கேன் கண்ணைப் பாதிக்காதா?

பதில்: இதில் கதிர்வீச்சு இல்லை. கண்ணுக்கென்று குறைந்த சக்தியில் மெஷினை செட் செய்து, கொஞ்ச நேரமே பார்ப்போம். கண்ணில் அடிபட்டுக் கிழிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் புரோப்பை வைக்கவே மாட்டோம்.

கேள்வி: கையடக்க மெஷின் இருக்கிறதே மேடம், உங்கள் வீட்டில் ஒன்று வாங்கி வைத்தால் நமக்கெல்லாம் வசதிதானே?

பதில்: (சிரித்தபடி) வைத்தால் என் மேல் வழக்குதான் வரும். கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பதைத் தடுக்க 1994ல் சட்டம் வந்தது. அதனால் நம் நாட்டில் ஸ்கேன் மெஷினை எந்த இடத்தில் பயன்படுத்துகிறோம் என்று பதிவு செய்ய வேண்டும். கையில் எடுத்துப் போகும் மெஷினையும், பதிவான மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்கும் நடமாடும் மருத்துவப் பிரிவுகளிலும் மட்டுமே பயன்படுத்தலாம். அதற்கான காரணம் நமக்குத் தெரிந்ததுதான். வீட்டுக்கு பிரஷர் மெஷினே போதும்.

கேள்வி: என் மகளுக்கு முதல் பிரசவத்தில் இப்படி பிரஷர் ஏறியது. அடுத்த தடவையும் வருமா?

பதில்: வரலாம், மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அதனால் கர்ப்பம் உறுதியான உடனேயே டாக்டரிடம் அந்தப் பழைய விவரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். தேவைப்படுபவர்களுக்கு 12ஆவது வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பார்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. அம்மா, இன்னொன்று. பிரசவம் முடிந்தாலும் அவர் வருடம் ஒரு முறையாவது பிரஷர் பார்க்கட்டும். இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல்.

நேரம் ஆகிவிட்டது, சுண்டல் ஆறிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், வேலைக்கு வருபவர்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால், "கண்ணு நல்லாத் தெரியுதாம்மா? தலைவலி ஏதும் இல்லியே?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்வதை நம்புங்கள்.